தைப்பது யாருக்காக?

கொக்கிளாய்க் களப்புக்கு அணித்தே உள்ள பாடசாலை ஒன்றிலே நாம் தமிழ் கற்பிக்கிறோம். சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் மாணவரது கைவினைப் பொருள்களைக் கொண்டு சிறியதொரு காட்சி அங்கு நடந்தது. பனையோலைப் பெட்டி, சிரட்டை அகப்பை, கடதாசிப் பூ என்று வழக்கமான பொருள்களுக்கிடையே பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி தைத்த குழந்தைப் போர்வையொன்றும் விரிக்கப்பட்டிருந்தது. அம்மம்மாவின் பழைய நூற்சேலையை நாலாக மடித்து அடுக்கி, அதன்மேல் வீட்டாரின் பழந்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பொருத்தி, அடுக்கெல்லாம் ஒன்றாய்ப் பிடிக்கும்படி நெருக்கமாக நூலோட்டியிருந்தாள். ஒரு மூலையிலே சங்கிலித் தையலால் ஒரு கொக்கு நின்றது. கால் சற்றே கோணல். ஆயினும் அது களப்பிலே நிற்கும் கொக்குத்தான், ஐயமில்லை.

அந்தப் போர்வையின் முன் நின்று இருவர் கூறிய இரண்டு வாசகங்களே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டின. முதலாமவர் எம் நண்பர், முற்போக்குக் கொள்கையர், மேடையிலே பெண் விடுதலை பேசுபவர். "இன்னும் இந்த ஊசியையும் நூலையும் கட்டிக்கொண்டுதானா எங்கட பிள்ளையள் இருக்கினம்?" என்று அவர் சலித்துக்கொண்டார். இரண்டாமவர் வெளியூரிலிருந்து வந்த உதவி நிறுவனமொன்றின் அலுவலர். "நல்லாயிருக்கு. இதை விற்கலாமே, தங்கச்சி? ஒன்று தைக்க எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டார். அந்த மாணவி, "இது விக்கிறதுக்கில்லை. அக்காவின்ர பிள்ளைக்கு" என்றாள். அலுவலர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஒருவர் தையலை விலங்கு என்றார். மற்றவர் அதைச் சரக்கு என்றார. இருவரும் நல்லெண்ணம் உடையவர்களே. இருவரும் தவறினார்கள் என்பதே எமது வாதம்.

முதலில் எமது நண்பரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். அதிலே உண்மை இல்லையென்று நாம் கூறோம். 'தையல்' என்னும் சொல்லுக்குத் துணியை இணைக்கும் தொழில் என்பதும் பொருள். பெண் என்பதும் பொருள். மொழியே இவ்விரண்டையும் ஒரு சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, எழுத்தோடு தையலும் அங்கே கற்பிக்கப்பட்டது. படித்த கிறித்தவ மனைவி ஒருத்தியை உருவாக்குவது அக்கல்வியின் நோக்கங்களில் ஒன்று. இன்றும் எமது பாடசாலைகளிலே மனைப்பொருளியல் என்றால் பெண்பிள்ளைகளின் பாடம் என்றே எண்ணப்படுகிறது. 'பெண் என்ன தெரிந்தவள்?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது, சமையலுக்கு அடுத்தபடியாகத் தையல் சொல்லப்படுவதை நாம் அறிவோம். அடக்கமாய், தலை குனிந்து, வாய் பேசாது உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தை வரைய விரும்பியவர்கள் அவள் கையிலே ஊசியைக் கொடுத்தார்கள். இவையெல்லாம் மெய்.

ஆனால் ஊசியா அவளைக் கட்டியது? கொக்கிளாய்க் கரையிலே மாலை வேளையிற் சென்று பாருங்கள். கடலுக்குப் போய் வந்த ஆண்கள் மணலிலே கால் நீட்டி அமர்ந்து, ஊசியும் நூலும் கொண்டு கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள். கண்ணுக்குக் கண் அளவு பிசகாது முடிச்சிடும் அந்த வேலை நுட்பத்திலே எந்தப் பூத்தையலுக்கும் குறைந்ததன்று. அதைப் பார்த்து, 'ஐயோ, இந்த மனிதர் ஊசிக்கு அடிமையாகிவிட்டாரே' என்று எவரும் இரங்குவதில்லை. ஏன்? வலை அவருடைய தொழில். அதைப் பொத்துவதும் தொழிலின் பகுதி. ஆண் கையிலுள்ள ஊசி கருவியாகவும் பெண் கையிலுள்ள ஊசி விலங்காகவும் தோன்றுமாயின், குற்றம் ஊசியினிடத்தில் இல்லை. பெண்ணின் உழைப்பை உழைப்பென்று எண்ணாத பார்வையிலேதான் குற்றம் உள்ளது. பெண் செய்வதாலேயே ஒரு கலை இழிந்தது என்னும் பழைய எண்ணம், முற்போக்குச் சட்டை அணிந்து எம் நண்பரின் வாயிலே பேசியது.

எமது பழைய இலக்கியம் இவ்விடயத்தில் எம்மைவிட நேர்மையானது. சங்கப் பாடல்களில் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள். புறநானூற்றிலே அவளுடைய சிறுவிளக்கு இரவிலே எரிகிறது. நற்றிணைப் பாட்டொன்று, ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை மலைமேல் தவழும் முகிலுக்கு உவமையாக்குகிறது. போரும் கடலும் ஆண்களைக் கொண்டுபோன வன்னியிலே இருந்து அந்தப் பாட்டைப் படிக்கும்போது, அது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்ற எண்ணம் எமக்குத் தோன்றுவதில்லை. பவணந்தியாரோ ஒரு படி மேலே போனார். நூல் என்றால் என்ன என்று விளக்கப் புகுந்த அவர், சொல்லைப் பஞ்சு என்றார்; அறிவைக் கதிர் என்றார்; புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டார். புலமைக்கு உவமை தேடிய இலக்கணகாரர் அரசனிடமோ போர்வீரனிடமோ போகவில்லை. இதை ஆண்டுதோறும் வகுப்பிலே உரை கூறிக் கற்பிக்கும் நாம், அதே வகுப்பிலிருக்கும் பெண்ணின் கையிலே நூலைக் கண்டவுடன் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

வரலாற்றையும் பார்ப்போம். நாஞ்சில் நாட்டிலே 1820களில் மார்த்தா மால்ட் என்னும் மிஷனரி அம்மையார் பெண்களுக்கு நூற்சரிகைப் பின்னல் கற்பித்தார். 'லேஸ்' என்று இன்றும் நாகர்கோவிலில் வழங்குவது அதுவே. அவருடைய நோக்கம் மதம் பரப்புவதாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமைச் சாதியினராக நடத்தப்பட்ட பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அதே மண்ணிலேதான் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட்டம் நடந்து, 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. துணியும் தையலும் அங்கே மானத்தின் போர்க்களமாயின. 1909ஆம் ஆண்டின் இறுதியிலே நியூயோர்க் நகரில் ஏறத்தாழ 20,000 தையற் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1911 மார்ச் 25இல் அதே நகரிலே, கதவு பூட்டப்பட்ட தையற்சாலையொன்றில் தீப்பற்றி 146 பேர் மாண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஊசி பிடித்த கை கொடி பிடிக்காது என்று எண்ணுவோர் இந்த ஆண்டுகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, இரண்டாமவரின் கட்சி. 'விற்கலாமே' என்னும் அந்தச் சொல் இனிமையாகத்தான் ஒலிக்கிறது. போர் முடிந்த 2009க்குப் பின்னர் வன்னிக்கு வந்த உதவிகளிலே தையல் மெசின் இல்லாத திட்டம் அரிது. கணவனை இழந்தாளா? ஒரு மெசின். பிள்ளையைத் தேடுகிறாளா? ஒரு மெசின். காணி போயிற்றா? ஒரு மெசின். 1877இல் சிங்கர் நிறுவனம் இந்நாட்டில் கடை திறந்த காலந்தொட்டு எத்தனையோ குடும்பங்களைத் தையல் மெசின் காப்பாற்றியிருக்கிறது. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒரு சிற்றூரில் இருபது பெண்களுக்கு இருபது மெசின் கொடுத்தால், யாருடைய சட்டையை யார் தைப்பது? கடையிலே ஆயத்த ஆடை மலிவாகத் தொங்குகிறது. மெசின் மூலையிலே சீலை போர்த்தி நிற்கிறது. தொழிலை விரிவாக்கக் கடன் எடு என்று அடுத்த ஆலோசனை வருகிறது. நுண்கடன் வட்டியால் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டி வந்தது. காணியும் கடலும் நீதியும் கேட்டவர்களுக்கு ஊசியைக் கொடுத்து, அந்த ஊசியாலேயே கடனையும் தைத்துக்கொடுத்த கதை இது.

மெசின் கைகொடாதபோது தொழிற்சாலை கூப்பிடுகிறது. 1978இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது முதல் ஆடை இந்நாட்டின் தலையாய ஏற்றுமதிகளுள் ஒன்றாயிற்று. அண்மைய ஆண்டுகளிலே அதன் வருவாய் ஏறத்தாழ 500 கோடி டொலர். போரின் பின்னர் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. எம்மிடம் படித்த பெண்பிள்ளைகள் சிலர் விடியற்காலை பஸ்ஸிலே ஏறிப் போகிறார்கள். சம்பளம் வருகிறது. வீட்டிலே அடுப்பு எரிகிறது. அந்த வேலையை இகழ எமக்கு உரிமையில்லை. ஆனால் அதன் இயல்பைச் சொல்ல உரிமையுண்டு. அங்கே ஒருத்தி கழுத்துப் பட்டி மட்டும் தைப்பாள். இன்னொருத்தி கை மட்டும் பொருத்துவாள். ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை விநாடி, மணிக்கு இத்தனை துண்டு என்று இலக்கு உண்டு. ஆண்டு முழுவதும் தைத்த ஒருத்தி, தான் தைத்த ஒரு முழுச் சட்டையைக் காட்ட முடியாது. அதை அணிபவர் யாரென்பதும் அவளுக்குத் தெரியாது. தன் உழைப்பின் விளைவே தனக்கு அந்நியமாய் எதிரே நிற்கும் நிலையை 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் விளக்கினார். அதைப் புரிந்துகொள்ள எம் மாணவிக்கு நூல்நிலையம் வேண்டியதில்லை. அவளுடைய அக்காவைக் கேட்டாற் போதும். அக்காவும் தையற்காரிதான். நாளெல்லாம் தைத்து இரவிலே வீடு திரும்பும் அவளுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்கக் கையும் எழவில்லை, கண்ணும் எழவில்லை. அதனாலேதான் தங்கை தைத்தாள்.

மூலதனத்தின் முதற் பாகத்திலே மேரி ஆன் வாக்லி என்னும் பெண்ணின் மரணத்தை மார்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1863 ஜூனிலே இலண்டனில், அரண்மனை நடன விழாவுக்கு வரும் சீமாட்டிகளின் உடைகளுக்காக, வேறு அறுபது பெண்களுடன் இடைவிடாது இருபத்தாறரை மணி நேரம் வேலை செய்து அவள் இறந்தாள். வயது இருபது. 150 ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 24இல் வங்காள தேசத்து ராணா பிளாசாக் கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் நசுங்கி இறந்தார்கள். சுவரிலே வெடிப்பு முதல் நாளே தெரிந்தது. மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னார்கள். எமது நாட்டிலும், 2011 மே 30இல் கட்டுநாயக்காவிலே தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் ரொஷேன் சானக என்னும் இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. விற்பனைக்காகத் தைக்கும் உலகத்தின் கணக்கேடு இதுதான். 'விற்கலாமே' என்பவர் அக்கணக்கேட்டின் முதற் பக்கத்தைத்தான் காட்டுகிறார்.

அப்படியாயின், விலையின்றித் தைக்கும் அந்தப் போர்வையின் பெறுமதி யாது? உணர்ச்சிவசப்படாமலே இதற்கு விடை கூறலாம்.

தைப்பவள் முழுப்பொருளையும் தானே எண்ணித் தானே முடிக்கிறாள். எந்தத் துண்டுக்கு அருகே எந்தத் துண்டு என்று அவளே தீர்மானிக்கிறாள். யாருக்காக என்பது அவளுக்குத் தெரியும். அக்குழந்தை எத்தனை சாண் நீளம் என்பதும் தெரியும். அவசரம் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, பிழைத்தாற் பிரித்துத் தைக்கலாம். கொக்கின் காலை மூன்று முறை பிரித்தேன் என்று அவள் எம்மிடம் சொன்னபோது அவள் முகத்திலே அலுப்பு இருக்கவில்லை, பெருமை இருந்தது. வேலையே இன்பமாகும் இந்த நிலையை, எதிர்காலச் சமுதாயத்தின் இலட்சணம் என்று எமது நண்பர்கள் மேடையிலே வருணிக்கிறார்கள். அதன் சிறியதொரு மாதிரி, களப்புக் கரைக் குடிசையின் திண்ணையிலே ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காணாது கடந்து போவது எந்த வகை முற்போக்கு?

இது பழந்துணியின் கலையுமாகும். வங்காளத்திலே பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். எமது 'கந்தை'க்கு உறவான சொல். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றது எமது பழமொழி. எம் பெண்கள் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணியைவிடப் பழந்துணியையே விரிப்பார்கள்; பல முறை தோய்த்த நூல் மென்மையானது என்பது அவர்களுடைய விஞ்ஞானம். ஏணை கட்டுவதும் பழஞ்சேலையிலேதான். வாங்கு, எறி, மீண்டும் வாங்கு என்று கூவும் சந்தைக்கு இந்த அறிவு பிடிக்காது.

இனிச் சொல்லவேண்டியது சற்றுக் கனமானது. அப்போர்வையிலே ஒரு சதுரம் நீலக்கட்டம் போட்ட சாரத் துண்டு. அது அவளுடைய மாமாவினுடையது. அவர் 2009இல் காணாமற் போனவர். கடையில் வாங்கிய சாரத்தை வீட்டிலே மூட்டித்தான் கட்டவேண்டும் என்பது வாசகர் அறிந்ததே. அந்த மூட்டு அம்மம்மா கையாலே போட்டது. மாணவி அதை வெட்டியெறியாமல், மூட்டு நடுவே வரும்படி அந்தச் சதுரத்தை எடுத்திருந்தாள். "அம்மம்மா தன்ர தையலை எங்க கண்டாலும் சொல்லுவா" என்றாள்.

அவ்வாசகம் எம்மை உறங்கவிடவில்லை. 1984 டிசெம்பரிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் உடுத்த உடையோடு விரட்டப்பட்டார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஊரைக் காணாது, போர் முடிந்த பின்னரே அவர்கள் மீளத் தொடங்கினார்கள். மீண்டவர்கள் வாழும் அதே கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் இறுதியிலே நீர்க்குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகளும் துணிகளும் வெளிப்பட்டன. யாழ்ப்பாணத்துச் செம்மணியிலே தோண்டி எடுக்கப்பட்ட உடைகளையும் பொருள்களையும் 2025 ஆகஸ்ட் 5இல், அடையாளம் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தாய்மார் வரிசையாக வந்து பார்த்தார்கள். எலும்பு மக்கிய இடத்திலும் துணி சில வேளை எஞ்சுகிறது. ஆயிரம் பேர் அணிந்த ஒரே மாதிரியான ஆயத்தச் சட்டை எதையும் சொல்லாது. தாய் மூட்டிய மூட்டு, அக்காள் பொருத்திய பொத்தான், கிழிசலிலே போட்ட ஒட்டு ஆகியவை சொல்லக்கூடும். கைத்தையல் ஒருவர் மற்றொருவரிடம் கொண்ட உறவின் கையொப்பம். அதை அற்பம் என்று யார் சொல்வது?

உலகின் பிற தாய்மாரும் இதை அறிந்திருந்தார்கள். 1977இல் ஆர்ஜென்டீனாவிலே, இராணுவ ஆட்சியால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு மே சதுக்கத்திலே கூடிய தாய்மார், ஒருவரையொருவர் அடையாளம் காணக் குழந்தையின் அணையாடைத் துணியைத் தலையிலே கட்டினார்கள். பின்னர் அந்த வெள்ளைத் துணிகளிலே பிள்ளைகளின் பெயர்களைப் பூத்தையலாகப் பொறித்தார்கள். 1973இல் சிலி நாட்டிலே பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், பெண்கள் சாக்குத் துணியிலே கந்தல்களை ஒட்டித் தைத்துச் சிறைகளையும் வெற்று நாற்காலிகளையும் சித்திரித்தார்கள். பத்திரிகை பேச முடியாத காலத்திலே அத்துணிகள் எல்லை கடந்து சென்று பேசின. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்திலே படங்களை ஏந்தி அமர்ந்த எமது தாய்மாரும் இந்த வரிசையிலே வருபவர்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தையலைத் துயரின் மருந்தென்று கூறி, 'தைத்து ஆறுதல் பெறுங்கள்' என்று போதிக்க வருவோரை நாம் வாசலிலேயே நிறுத்துவோம். எந்தப் போர்வையும் நீதிக்கு ஈடாகாது. மாமா எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியது அரசு. அம்மம்மாவின் ஊசி அன்று. எமது வாதம் இவ்வளவே: அக்கேள்வியை மறவாதிருக்கும் கைகளைப் பழித்தலும் ஆகாது, விலைபேசலும் ஆகாது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சில சொல்வோம். ஊசி பிடிக்கப் பையன்களும் கற்கட்டும். வலை பொத்தும் தந்தையின் மகன் தன் பொத்தானைத் தானே தைப்பதிலே வெட்கம் என்ன? தைத்துப் பிழைக்க விரும்பும் பெண்ணுக்கு நியாயமான கூலியும், கூடிப் பேசச் சங்கமும், கடனற்ற முதலும் வேண்டும். இரக்கத்தோடு கொடுக்கும் மெசின் மட்டும் போதாது. தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலை நேரத்தின் எல்லை வேண்டும். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் எமக்கு என்று 1886இல் சிக்காகோத் தொழிலாளர் போராடினார்களே, அந்த மூன்றாம் எட்டு மணி நேரத்திலேதான் அக்காள் தன் பிள்ளைக்குத் தைக்கக்கூடிய அந்த ஒரு மணியும் இருக்கிறது. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர் யார் என்று வகுப்பிலே கேட்போம். எம் நண்பர் போன்றோருக்கு அறைகூவுவது ஒன்றே: பெண்ணின் கையிலுள்ள நூலைப் பறிக்காதீர்கள். அவளுடைய நேரத்தைப் பறித்தவரிடம் போய்ச் சண்டையிடுங்கள். நாமும் உடன் வருகிறோம்.

காட்சி முடிந்த மாலையிலே அந்த மாணவி போர்வையை மடித்துப் பையிலே வைத்துக்கொண்டு புறப்பட்டாள். கொக்கின் கால் இன்னும் சரியாக வரவில்லை, வீட்டிலே மறுபடியும் பிரிக்கப் போகிறேன் என்றாள். குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் வருவதற்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.